மூத்தவன் ஒதுங்குகிறான், சின்னவள் கொந்தளிக்கிறாள்: வளர்ந்த பிறகு இவர்கள் எப்படி இருப்பார்கள்?

பள்ளிக்கரணை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே அப்பா அம்மா, ஆனால் குணத்தில் ஒட்டே இல்லை.

பெரியவன் புது ஆள் யார் வந்தாலும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அபார்ட்மென்ட்டில் பிறந்தநாள் விழா என்றால் கேக் வெட்டி முடிகிற வரை என் துப்பட்டா நுனியை விட மாட்டான், மற்ற பிள்ளைகள் பலூனை உடைத்துக்கொண்டு ஓடுவதை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பான், எல்லோரும் ரிட்டர்ன் கிஃப்ட் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் "அம்மா, இப்ப விளையாடலாமா" என்று காதில் கேட்பான். வீட்டில் அப்படிக் கிடையாது. தங்கையிடமும் தாத்தாவிடமும் வாய் ஓயாது.

சின்னவள் நேர் எதிர். நினைத்தது நடக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே விழுந்து புரள்வாள். போன வாரம் பாண்டி பஜாரில் செருப்பைக் கழற்றி வீசினாள், அது நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் முழங்காலில் பட்டது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இவள் அவரிடம் போய் "என் செருப்பைக் குடுங்க" என்று கையை நீட்டுகிறாள். பயம் என்பதே இல்லை.

மாமியார் "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்கிறார். பையனுக்கு நாளைக்கு இன்டர்வியூ என்று வந்தால் என்ன செய்வான், பெண் போகிற இடத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று தினமும் இதே பேச்சு. பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் டீச்சரும் "பையனைக் கொஞ்சம் பேச வையுங்க" என்றார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள், இதைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். சின்ன வயதுக் குணம் அப்படியேதான் நிற்குமா? எதை மாற்றப் பார்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

பெரம்பூர் டீச்சர்

கண்ணு, நான் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் எடுத்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. பாதிப் பேர் இதே பேட்டையில்தான் இருக்கிறார்கள். மார்க்கெட்டில் பார்க்கிறேன், ரேஷன் கடை வரிசையில் பார்க்கிறேன், சில பேர் பேரன் பேத்தி எடுக்கிற வயதுக்கே வந்துவிடுவார்கள் போல. அதனால் நீங்கள் கேட்டதற்கு நான் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன்.

குணம் அடியோடு மாறிப்போன பிள்ளை என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அதே குணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரே வகுப்பில் ரெண்டு பையன்கள் இருந்தார்கள். ரெண்டு பேருக்குமே மூக்குமேல் கோபம். பென்சிலை யாராவது தொட்டால் போதும், அடுத்த நொடி கை நீண்டுவிடும். ஒருவனுடைய அப்பா, புகார் என்று சொல்லி அனுப்பினால் பள்ளிக்கூட வாசலிலேயே பெல்ட்டைக் கழற்றுவார். நான் குறுக்கே போய் நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் அவனைப் பற்றி வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதையே நிறுத்திவிட்டேன், வகுப்பிலேயே பார்த்துக்கொண்டேன். இன்னொருவன் ஆயாவிடம் வளர்ந்தவன். அந்த அம்மா இட்லிக் கடை வைத்திருந்தார். அவன் கொதித்துக்கொண்டு வந்தால் ஒன்றும் கேட்க மாட்டார், ஒரு குடத்தைக் கையில் கொடுத்து அடிபம்பில் தண்ணீர் பிடித்து வரச் சொல்வார். ரெண்டு மூன்று நடை நடந்து, வியர்த்து, உட்கார்ந்த பிறகுதான் "இப்ப சொல்லு, யார் என்ன பண்ணாங்க" என்று ஆரம்பிப்பார். தப்பு இவனுடையது என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எதிராளி வீட்டு வாசலில் நிறுத்திவிடுவார், அதில் தயவு தாட்சண்யமே கிடையாது. ஆனால் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

முதல் பையன் எட்டாவதோடு நின்றான். கை வேலைக்காரன், வெல்டிங் அருமையாகச் செய்வான், ஆனால் எந்தப் பட்டறையிலும் நிலைக்கவில்லை, எல்லா இடத்திலும் மேஸ்திரியோடு சண்டை. ரெண்டாமவன் ஒரு கம்பெனியில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருக்கிறான். குரல் இன்னும் அதே குரல்தான், தெருமுனையில் பேசினால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இப்போது அந்தக் குரலை மற்றவர்களுக்காக உயர்த்துகிறான்.

உங்கள் பெண்ணுக்குக் கோபம் இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள். கோபம் வரும் நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். ராத்திரி ஷிஃப்ட்

உங்கள் பையனைப் பற்றிப் படிக்கும்போது என்னைப் பற்றி யாரோ எழுதிய மாதிரியே இருந்தது. எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இன்றைக்கும் புது டீமில் சேர்ந்தால் முதல் ரெண்டு வாரம் மீட்டிங்கில் வாயைத் திறக்க மாட்டேன், எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பேன், அப்புறம்தான் பேச்சு வரும். இது போகவே இல்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வேலையில் என்னை நம்புகிறார்கள், நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், எனக்கு அது போதும்.

என்னை நோகடித்தது எது என்று சொல்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் "மாமாவுக்கு ஒரு திருக்குறள் சொல்லு" என்று நடு ஹாலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எனக்குக் குறள் தெரியும். வாய்தான் வராது. அவர்கள் சிரித்துக்கொண்டு "கூச்ச சுபாவம், பொம்பளப் பிள்ளை மாதிரி" என்பார்கள். அடுத்த முறை காலிங் பெல் அடித்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். கூச்சத்தைவிட அந்தப் பேச்சுதான் எனக்குப் பல வருஷம் சுமையாக இருந்தது.

உதவியது எங்கள் அத்தை. பக்கத்துத் தெரு அண்ணாச்சி கடைக்கு முதலில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார், நான் மஞ்சப் பையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் கழித்து, சாமான் எழுதிய சீட்டை நான் அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும், பேச வேண்டியதில்லை. அப்புறம் அத்தை கடைக்கு வெளியே நிற்பார், நான் உள்ளே போவேன். ஒரு நாள் சீட்டில் வேண்டுமென்றே ஒரு சாமானை எழுதாமல் விட்டுவிட்டு "கால் கிலோ பச்சரிசி, அதை மட்டும் நீயே கேட்டுடு" என்றார். அண்ணாச்சிக்கு முதல் தடவை காதில் விழவில்லை, "என்னப்பா?" என்றார், நான் கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொன்னேன், பொட்டலம் கைக்கு வந்தது. அத்தை அதைக் கொண்டாடவும் இல்லை, ஊருக்குச் சொல்லவும் இல்லை. வழியில் வேறு ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணம் மட்டும் தள்ளிப்போனது. பெண் பார்க்கப் போன இடத்தில் பத்து நிமிஷம் தனியாகப் பேசச் சொல்வார்கள், பத்து நிமிஷத்தில் நான் யார் என்று எப்படிக் காட்டுவேன்? முப்பத்து மூன்றில்தான் முடிந்தது. அதுவும் அவள் ஒரே அலுவலகத்தில் இரண்டு வருஷம் என்னைப் பார்த்தவள்.

அடையாறு சைக்காலஜி

உளவியல் முதுகலை படித்தவள், குழந்தைகளுக்கான தெரபி மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியாகவே பதில் தேடிய ஆய்வுகள் இருக்கின்றன.

நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற கணவன் மனைவி இருவரும் மனநல மருத்துவர்கள். 1956-இல் தொடங்கி நூற்றுச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் குழந்தைகள் எதற்கும் சுலபமாகப் பழகிக்கொள்பவர்கள், 10 சதவீதம் பேர் சட்டென்று கொந்தளிப்பவர்கள், 15 சதவீதம் பேர் புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் பின்வாங்கி மெதுவாக ஒட்டிக்கொள்பவர்கள். மீதி 35 சதவீதம் எந்த வகையிலும் அடங்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன், எல்லாக் குழந்தைக்கும் ஒரு முத்திரை குத்தியாக வேண்டும் என்று இல்லை. உங்கள் பையன் மெதுவாக ஒட்டுகிற ரகம். விழா முடிகிற நேரத்தில் விளையாடக் கேட்கிறான் பாருங்கள், அதுதான் அடையாளம். அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை, நேரம்தான் போதவில்லை.

அவர்கள் கடைசியில் கண்டது, குணத்தை மட்டும் வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பது. அந்தக் குணத்துக்கும் வீடும் பள்ளியும் கேட்பதற்கும் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டீச்சர் அம்மா சொன்ன ரெண்டு பையன்கள் கதை அப்படியே இதுதான்.

இதைவிடப் பெரியது நியூசிலாந்தின் டனீடன் நகர ஆய்வு. 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அந்த ஊரில் பிறந்தவர்களில் 1,037 பேரை மூன்று வயதில் சேர்த்துக்கொண்டு, இன்றுவரை விடாமல் தொடர்கிறார்கள். மூன்று வயதில் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு குழந்தையும் எப்படி நடந்துகொள்கிறது என்று, குழந்தையை முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக் குறித்தார். அந்தக் குறிப்பை வைத்து ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அப்புறம் 26 வயதில் போய்ப் பார்த்தால், மூன்று வயதில் அடங்காமல் துள்ளியவர்கள் சராசரியாக மற்றவர்களைவிட எளிதில் பதறுபவர்களாகவும் பிறரோடு அதிகம் உரசுபவர்களாகவும் இருந்தார்கள். மூன்று வயதில் பயந்து ஒதுங்கியவர்கள் பெரியவர்களாகியும் நிதானமாக, ரிஸ்க் எடுக்காமல், முன்னால் நின்று பேசத் தயங்குபவர்களாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். இந்தத் தொடர்பு உண்மை, ஆனால் சின்னது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும், ஒரு பிள்ளையைப் பார்த்து ஜோசியம் சொல்ல உதவாது. அதே ஆய்விலிருந்து 2011-இல் வந்த முடிவு ஒன்று உங்களுக்கு முக்கியம். சின்ன வயதில் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் அதிகம் இருந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலமும் பண நிலைமையும் மேலாக இருந்தன, குற்ற வழக்குகளும் குறைவு, புத்திசாலித்தனத்தையும் குடும்ப வசதியையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். ஆனால் ஆரம்பத்தில் குறைவாக இருந்து, வளர வளர அந்தத் திறனைக் கூட்டிக்கொண்டவர்களும் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தார்கள். கோபப்படும் சுபாவம் ஓரளவு பிறவியோடு வருவது. கோபம் வந்த பிறகு கையைக் கட்டுப்படுத்துவது கற்றுக்கொள்வது, மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் அது வேகமாக வளரும். உங்கள் பெண் இப்போது சரியாக அந்த வயதில் இருக்கிறாள்.

ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புது பொம்மை, புதுக் குரல், புது வாசனை காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கை காலை உதைத்து அழுதது. அவர்களில் பலர் பின்னால் கூச்ச சுபாவமாக ஆனார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. அவர்களில் கலகலப்பாக, பயமே இல்லாதவர்களாக மாறியவர்கள் மட்டும் அரிது. ரெண்டு வயதில் ஒதுங்கியவர்களை இருபது வயதுக்கு மேல் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2003-இல் வந்தது. முன்பின் தெரியாத முகங்களைக் காட்டினால், மூளையில் அபாயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் வேலை செய்தது. ஓ.எம்.ஆர். நண்பர் "போகவே இல்லை" என்று சொன்னது இதோடு பொருந்துகிறது. உள்ளே அந்தத் துடிப்பு இருக்கும், அதோடேயே கடைக்குப் போகக் கற்றுக்கொள்ளலாம். அவர் அத்தை செய்தது நாங்கள் மையத்தில் செய்வதேதான், படிப்படியாகப் பழக்குவது. கல்யாணம் பற்றி அவர் எழுதியதற்கும் ஒரு ஆய்வு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1928, 29-இல் பிறந்தவர்களில், கூச்ச சுபாவமுள்ள பையன்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று வருஷம் தாமதமாகக் கல்யாணம் செய்தார்கள், நிலையான வேலையில் அமர்வதும் அதே அளவு தள்ளிப்போனது.

கொளத்தூர் அப்பா

எல்லாம் சரி மேடம், ஆனால் நியூயார்க், நியூசிலாந்து, கலிபோர்னியா, இதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே பதினெட்டு வயதில் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடுகிறான். இங்கே தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று எல்லோரும் சேர்ந்து வளர்க்கிறோம். எங்கள் அப்பா ரெண்டு அடி போட்டுத்தான் வளர்த்தார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன், சொந்தமாகத் தொழில் செய்கிறேன். நாலு வயதுப் பிள்ளை செருப்பை வீசினால் அன்றைக்கே ஒரு அடி வைத்திருந்தால் அடுத்த முறை வீச மாட்டாள். கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும் என்பது என் கருத்து, யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

புரசை பூக்கடை

கொளத்தூர் அண்ணா, கண்டிப்பு வேண்டும் என்கிறீர்கள், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. அடி என்பதுதான் ஒத்துவராது. அந்தச் செருப்பு வீசுகிற பெண்ணாக வளர்ந்தவள் நான், அதனால் சொல்கிறேன். வீட்டில் வாங்காத அடியா? அடி விழுந்த அன்றைக்கு எனக்கு வந்த ஒரே எண்ணம், பெரியவளானதும் நானும் அடிக்கலாம் என்பது. தங்கையை அடித்தேன், பள்ளிக்கூடத்தில் அடித்தேன். என் கோபம் ஒரு துளி குறையவில்லை.

என்னை மாற்றியது வேலை. அம்மாவுக்குப் பூக்கடை. பத்தாவது முடித்த லீவில் என்னை விடியற்காலை கோயம்பேட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அங்கே மல்லி விலை மணிக்கு மணி மாறும், முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கோபப்பட்டுக் கத்தினால் வியாபாரி மூட்டையைக் கட்டி அடுத்த ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார், வெறும் கையோடு கடைக்கு வர வேண்டியதுதான். ஆனால் வாயே திறக்காமல் நின்றாலும் வாடின பூவைத் தலையில் கட்டிவிடுவார்கள். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே சிரித்துக்கொண்டே ரெண்டு ரூபாய் குறைப்பது என்று அங்கேதான் படித்தேன். இன்றைக்குக் கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் எடுத்துச் செய்கிறேன், என்னிடம் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மண்டபத்துக்காரர் கடைசி நிமிஷத்தில் ஏதாவது மாற்றிப் பேசினால் என் டீமில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் எதிர்த்துப் பேச நான் பயப்பட மாட்டேன் என்று தெரியும். கோபம் இன்னும் வருகிறது. வந்ததும் எழுந்து வெளியே போய் நார் கிழித்துக்கொண்டு உட்காருவேன்.

அக்கா, இன்னொன்று. "போகிற இடத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்" என்று உங்கள் மாமியார் சொல்வதை அவள் காதுபடச் சொல்ல விடாதீர்கள். பையன் செருப்பை வீசியிருந்தால் "ஆம்பளப் பிள்ளை, துறுதுறு" என்று சொல்லியிருப்பார்கள். அந்த வித்தியாசம் எனக்கு அஞ்சு வயதிலேயே புரிந்தது, பாதிக் கோபம் அதனாலேயே வந்தது.

அடையாறு சைக்காலஜி

கொளத்தூர் சார் கேட்டது நியாயமான கேள்வி, ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும். அமெரிக்காவில் கூச்சமுள்ள பையன்களுக்கு வேலை தாமதமானது என்றேன் இல்லையா, அதே கேள்வியை 1950களில் பிறந்த சுவீடன் பிள்ளைகளிடம் பார்த்தபோது கல்யாணம் மட்டும்தான் தாமதமானது, வேலையில் பாதிப்பு இல்லை. முந்திக்கொண்டு பேசுகிறவனுக்குத்தான் வாழ்வு என்று அந்தச் சமூகம் வைத்திருக்கவில்லை. ஆனால் அங்கே கூச்சமுள்ள பெண்களின் படிப்பு குறைந்து போனது, அதையும் கவனியுங்கள்.

இன்னும் பொருத்தமானது சீனா. சின்யின் சென் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 1990, 1998, 2002 என்று மூன்று காலகட்டத்தில் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 1990-இல் கூச்சமுள்ள பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, டீச்சர்களும் திறமைசாலி என்றார்கள். 2002-இல் அதே மாதிரிப் பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்கினார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் அதிகம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளைகளின் சுபாவம் மாறியிருக்காது, சந்தைப் பொருளாதாரம் வந்து பெரியவர்கள் எதிர்பார்ப்பதுதான் மாறியிருக்கிறது. நம் ஊரிலும் இதைத்தானே பார்க்கிறோம்? எங்கள் அம்மா காலத்தில் "அடக்கமான பிள்ளை" என்று மெச்சிய அதே பையனை, கேம்பஸ் இன்டர்வியூவும் குரூப் டிஸ்கஷனும் வந்த பிறகு "கான்ஃபிடன்ஸ் இல்லை" என்கிறோம்.

அடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். எளிதில் கொந்தளிக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான வளர்ப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகம் கெடுதல் செய்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதில் மறுபக்கமும் உண்டு. ஜே பெல்ஸ்கி என்ற ஆய்வாளர் பல வருஷமாகச் சொல்லிவருவது, இந்தக் குழந்தைகள் நல்ல வளர்ப்பிலிருந்து மற்றவர்களைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. நீங்கள் அவளுக்காகப் படும் பாடு வீண் போகாது என்பதற்கு இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே தடை செய்துவிட்டது, வீட்டுக்குச் சட்டம் தேவைப்படக் கூடாது.

பள்ளிக்கரணை அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் அம்மா எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன், புரசை அக்கா எழுதியதை மாமியாருக்கே படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். ரெண்டு சந்தேகம் மட்டும். பையனுடையது வெறும் சுபாவம்தானா, இல்லை டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த மாதம் ஆண்டு விழா, மேடையில் ரெண்டு வரி பேசச் சொல்லி டீச்சர் பேர் எழுதியிருக்கிறார். போகச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லிவிடவா?

அடையாறு சைக்காலஜி

வீட்டில் சரளமாகப் பேசுகிறான், விழாவில் கடைசியிலாவது விளையாடக் கேட்கிறான், இதெல்லாம் நல்ல அறிகுறி. வகுப்பில் பக்கத்துப் பையனிடமாவது பேசுகிறானா, தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும் என்று டீச்சரிடம் கேட்கிறானா என்று விசாரியுங்கள். வீட்டில் பேசும் பிள்ளை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் அது வெறும் கூச்சம் இல்லை. பள்ளிக்குக் கிளம்பும் நாளில் மட்டும் வயிற்று வலி, தூக்கம் கெடுவது, முன்பு செய்ததை இப்போது செய்ய மறுப்பது, இவை இருந்தாலும் காட்டிவிடுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். போனில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். காது கேட்பதையும் ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது.

ஆண்டு விழாவுக்கு அவனை முழுக்க விலக்கி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தப்பிக்க விட்டால் பயம் வளரும். அதற்காக ஒரேயடியாக மேடையில் தள்ளவும் வேண்டாம். டீச்சரிடம் பேசி, தனியாகப் பேசுவதற்குப் பதில் நாலைந்து பேர் சேர்ந்து சொல்லும் பகுதியில் போடச் சொல்லுங்கள், ஆட்கள் இல்லாத நேரத்தில் அந்த மேடையில் ஏறி நின்று பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர் டீச்சர்

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள் கண்ணு. டீச்சரிடம் பேசும்போது பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாதே, தனியாகப் போ. வகுப்பில் திடீரென்று அவன் பேரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்காமல், "நாளைக்கு இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பேன்" என்று முதல் நாளே சொல்லி வைக்கச் சொல். நான் அப்படித்தான் செய்வேன், மறுநாள் அந்தப் பிள்ளை எழுந்து பதில் சொல்லும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் டீச்சருக்கும் இது பெரிய வேலை இல்லை, கேட்டால் செய்வார்.